இருபாற் பொதுப்பெயர்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மகப்பேற்றுக்கு நாளெண்ணியிருக்கும் இளந்துணைவர், பிறக்கவிருக்கும் குழந்தைக்குப் பெயர் கேட்டுத் தமிழறிந்தாரிடம் வருவது நல்வழக்கம். வருவோரிற் பெரும்பாலார் இரண்டு பெயர் கேட்பர். ஆணாயின் ஒன்று, பெண்ணாயின் ஒன்று. கருவிலிருக்கும் மகவு இன்னபால் என்று கண்டுரைப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருத்தலின், இரண்டையும் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டு பேற்றறை வாயிலிற் காத்திருப்பர். குழந்தை பிறந்தபின் ஒரு தாள் தொட்டிலுக்குச் செல்லும், மற்றொன்று கிழிபடும்.

இக்காலத்திற் சிலர் வேறு வகையாகக் கேட்கின்றனர். "எது பிறப்பினும் எமக்கு ஒன்றே. இருபாலுக்கும் பொருந்துமாறு ஒரே பெயர் சொல்லுங்கள், இப்போதே முடிவு செய்துவிடுகின்றோம்" என்கின்றனர். இதைக் கேட்டு முகஞ்சுளிக்கும் பெரியோரும் உளர். "இது மேலைநாட்டார் கோலமன்றோ? ஆணை ஆணென்றும் பெண்ணைப் பெண்ணென்றும் அழைப்பதில் என்ன குறை கண்டனர்?" என்பது அவர்தம் வினா. வினா முறையானதே. விடையை மேலைநாட்டில் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியத்திலும் கழக இலக்கியத்திலும் தமிழ்த் தாயரின் வாய்மொழியிலும் அது கிடக்கின்றது.

முதலிற் குழந்தை என்னும் சொல்லையே பாருங்கள். 'குழந்தை அழுகின்றது', 'மகவு உறங்குகின்றது', 'பிள்ளை பால் குடித்தது' என்றே தமிழர் சொல்லுவர். அழுவது ஆணா பெண்ணா என்று வினைமுற்றுக் கேட்பதில்லை. மகவும் குழவியும் உயர்திணைப் பொருளையே குறிப்பினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே குறித்துள்ளார். ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று ஐந்தாகப் பால் வகுத்து, வினையின் ஈற்றெழுத்தைக்கொண்டே பாலறியச் செய்த நுண்ணிய மொழி, தொட்டிற் பருவத்தில் மட்டும் அக்கணக்கைத் தளர்த்திக் கொள்கின்றது. குழந்தை என்பதையே இயற்பெயராகக் கொண்ட ஆடவர் இராவண காவியம் பாடிய புலவர் குழந்தை. குழந்தையம்மாள் என்று பெயர் கொண்ட பாட்டியரோ ஊர்தோறும் வாழ்ந்தவர்.

தாய் தன் மகவைக் கொஞ்சும் சொற்களையும் நினைத்துப் பாருங்கள். கண்ணே, மணியே, முத்தே, பொன்னே, தேனே, அமுதே! இவற்றுள் ஆணுக்குரியது எது, பெண்ணுக்குரியது எது? தாலாட்டுப் பாடிய எந்தத் தாயும் அவ்வாறு பிரித்ததில்லை. மகளை 'ஐயா' என்றும் 'அப்பா' என்றும் விளிக்கும் அன்பு வழக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் உண்டு. கொஞ்சு மொழிக்குப் பால் வேறுபாடு இல்லை. வேறுபாடு ஏட்டிற் பெயர் எழுதும்போதுதான் வருகின்றது.

இனி இயற்பெயர்க்கு வருவோம். தொல்காப்பியர் பெயரியலில் இருதிணைக்கும் பொதுவாகிய விரவுப் பெயர்களைச் சொல்லுங்கால், இயற்பெயரை நான்காகப் பகுத்தார்: பெண்மை இயற்பெயர், ஆண்மை இயற்பெயர், பன்மை இயற்பெயர், ஒருமை இயற்பெயர். சாத்தன் என்பது ஆண்மை இயற்பெயர். சாத்தி என்பது பெண்மை இயற்பெயர். ஒருமை இயற்பெயர் என்பதோ ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும், அஃறிணைக்கும் வரும். இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் பெயர் கோதை. கோதை என்ற பெயருக்குப் பின்னே 'வந்தான்' என்றும் கூட்டலாம். 'வந்தாள்' என்றும் கூட்டலாம். 'வந்தது' என்றும் கூட்டலாம். மூன்றும் வழுவில்லாத தொடர்களே.

இது ஏட்டிலக்கணம் மட்டுமோ என்று ஐயுறுவார்க்குக் கருவூர் ஆற்று மணல் விடை தரும். ஆண்முகம் பொறித்து, மாக்கோதை என்றும் குட்டுவன் கோதை என்றும் பழந்தமிழ் எழுத்திற் பெயர் எழுதிய வெள்ளிக் காசுகள் அங்குக் கிடைத்துள்ளன. அவை சேர வேந்தர் வெளியிட்டவை. கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்ற சேரமானின் பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. மனைவியை இழந்து கலங்கிப் பாடிய பாட்டு அது. வாளேந்திய வேந்தன் பெயர் கோதை. சில நூற்றாண்டு கழித்து வில்லிபுத்தூரிற் பெரியாழ்வார் வளர்த்த பெண்பிள்ளையின் பெயரும் கோதை. கோதை என்றால் மாலை. மாலை வேந்தன் மார்பிலும் கிடக்கும். மங்கை கூந்தலிலும் கிடக்கும். இன்று ஓர் ஆண்பிள்ளைக்குக் கோதை என்று பெயரிட்டாற் பள்ளியிற் சேர்ப்பவரே எழுதுகோலை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். சொல்லின் இலக்கணம் மாறவில்லை; கேட்போர் செவிதான் மாறியது.

ஆண்பெயராயின் அன்-ஈறு வேண்டும், இகர ஈறாயின் அது பெண்பெயர் என்று கருதுவோர் மிகப் பலர். அவர்கள் கடையெழு வள்ளல்களின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பாரி, காரி, ஓரி, நள்ளி, ஆய், பேகன், அதியமான். அதியமான் என்பது குடிப்பெயர். அவன் பெயர் அஞ்சி. எழுவருள் ஐவர் பெயர் இகரத்தில் முடிகின்றது. இயற்பெயரில் அன்-ஈறு பெற்றவன் பேகன் ஒருவனே! சோழர் தம்மைக் கிள்ளி என்றனர், சென்னி என்றனர். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூர்க்காகப் பொருதனர். கரிகாலனின் தந்தை இளஞ்சேட்சென்னி. பாண்டியர் வழுதி என்றனர். பெருவழுதி என்று எழுதிய காசும் கிடைத்துள்ளது. சேரர் கோதை என்றனர். ஆக, மூவேந்தர் குடியிலும் இன்றைய செவிக்குப் பெண்பெயராகப் படும் பெயர்கள் வழங்கின. அதியமான் குடியில் வழங்கிய மற்றொரு பெயர் எழினி. அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியிருக்கின்றார். அந்த எழினி இன்று பெண்குழந்தைகளுக்குச் சூட்டப்பெறுகின்றது. இனிய மாற்றம்! அதில் தவறேதுமில்லை. வேந்தன் பெயரை மகள் தாங்கலாம் என்றால், கோதையின் பெயரை மகன் தாங்கலாகாது என்பது மட்டும் எந்த நூலின் நெறி?

வில்லி என்ற சொல்லும் இவ்வகையினதே. வில்லையுடையவன் வில்லி, இகர ஈற்று ஆண்பாற்பெயர். அது இன்று திரைப்படத்துத் தீயவளாகி, ஆங்கிலச் சொல்லொன்றின் பெண்பாலாய் நிற்கும் கொடுமையை விரித்துரைக்க இங்கு நேரமில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு ஈறு கொடுக்கும் வழக்குப் பண்டைத் தமிழில் இல்லை என்பதன்று இதன் கருத்து. நன்றாகவே இருந்தது. ஒக்கூரில் மாசாத்தனார் என்ற புலவரும் இருந்தார், மாசாத்தியார் என்ற புலவரும் இருந்தார். ஈறு கொண்டே வேறு பிரிக்கின்றோம். நன்னாகனார் ஆண், நன்னாகையார் பெண். இரு முறையும் அக்காலத்தில் ஒருங்கே வழங்கின. விரும்பியவர் விரும்பியதைக் கொண்டனர் என்பதே செய்தி. ஆர்-ஈறு சேர்ந்துவிட்டாலோ சில பெயர்களிற் பால் அறவே மறைந்துவிடும். கழகக் காலப் பெண்பாற் புலவர் எத்துணைப் பேர் என்று எண்ணிய அறிஞர்கள் ஒருவர்க்கொருவர் மாறுபட்ட தொகை கூறுவதன் கரணியம் இதுவே. பாட்டு இருக்கின்றது, பெயர் இருக்கின்றது. பாடியவர் ஆணா பெண்ணா என்பது பெயரிலிருந்து புலப்படவில்லை. அதனாற் பாட்டின் சுவை குன்றிற்றா?

'அடிகள்' என்ற சொல்லும் அத்தகையது. சிலப்பதிகாரம் பாடியவர் இளங்கோவடிகள். அச்சிலப்பதிகாரத்திலே கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாய் வந்த பெண்துறவி கவுந்தியடிகள். ஒருவன், ஒருத்தி என்பவற்றோடு ஒருவர் என்ற சொல்லைப் படைத்து அதை இருபாற்கும் உரிமையாக்கிய மொழி தமிழ். 'எழில் வந்தார்' என்றால் வந்தவர் ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம், மதிப்பும் கெடவில்லை. அவன், அவள் என்ற இரண்டுக்கு நடுவே பொதுச்சொல் இல்லாது இடர்ப்படும் மொழிகளைப் பார்க்குங்கால், தமிழுக்கு இது எவ்வளவு எளிது என்பது விளங்கும்.

அவ்வாறாயின் ஈற்றுக் கட்டாயம் எப்படி வந்தது? வடமொழிப் பெயர்களின் பெருக்கத்திற்கு இதிற் பங்குண்டு; அங்கே ஆகாரமும் ஈகாரமும் ஏறினாற் பெண்பெயர். ஆயினும் பழியை முழுதும் அயலார்மேல் ஏற்றிவிட்டுக் கைகழுவுதல் நேர்மையாகாது. தமிழ்ப்பெயர்க் கையேடுகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டே பகுதி: ஆண்பாற் பெயர்கள், பெண்பாற் பெயர்கள். தமிழ்ச்செல்வன் என்றால் எதிரே தமிழ்ச்செல்வி. அன்பழகன் என்றால் அன்பழகி. மதியரசன் என்றால் மதியரசி. அயற்பெயர் வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டிய காலத்தில் இவ்விணைப் பெயர்கள் பெரும்பணி செய்தன, அதனை மறுப்பாரில்லை. ஆனால் தமிழ், அன்பு, மதி என்ற வேர்ச்சொற்கள் தம்மளவிலேயே பெயராக நிற்கவல்லவை என்பது அப்பட்டியல்களிற் போதிய இடம் பெறவில்லை. தொல்காப்பியர் வகுத்த ஒருமை இயற்பெயருக்கு மூன்றாவது பகுதியொன்று கையேட்டில் இருந்திருக்க வேண்டும்.

ஈறில்லாத பெயர்களையும் செவிவழக்கு விட்டுவைக்கவில்லை. மணிகளைப் பாருங்கள். மாணிக்கம் ஆண், மரகதம் பெண், முத்து ஆண், பவளம் பெண், வைரம் ஆண்! கடலுக்குள் ஒரே நீரில் விளைந்த முத்துக்கும் பவளத்துக்கும் ஆண் பெண் வேற்றுமை காட்டிக் கொடுத்தவர் யார்? தங்கம் மட்டும் எப்படியோ தப்பி இருபாலார்க்கும் வழங்குகின்றது. கதிரும் வேலும் மகனுக்கு, மலரும் கொடியும் மகளுக்கு என்பதும் அப்படியே. ஒளியும் படையும் ஆணுக்கு, மென்மையும் மணமும் பெண்ணுக்கு என்ற கணக்கு இதனுள்ளே மறைந்திருக்கின்றது.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். மகளுக்கு வெற்றி என்றோ அறிவு என்றோ பெயரிட்டாற் சுற்றத்தார் மெச்சுவர். மகனுக்கு மலர் என்று பெயரிட்டால் நகைப்பர். பள்ளியில் உடன்பயில்வோர் எள்ளுவர் என்று பெற்றோரும் அஞ்சுவர். பெண் ஆண்பெயரைப் பெறுவது ஏற்றம், ஆண் பெண்பெயரைப் பெறுவது இழிவு என்று எண்ணுவதன்றோ இது! பொதுப்பெயர் வேண்டுவோரும் பல வேளைகளில் ஆண்பக்கம் சாய்ந்த பெயர்களையே பொதுப்பெயர் என்று தேர்ந்தெடுக்கின்றனர். அது பொதுமை ஆகாது.

ஈறு இல்லாமையே போதும் என்று எண்ணுவோரும் பொறுத்துச் சிந்திக்க வேண்டும். 'வேண்டாம்' என்று ஒரு பெயர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. 'போதும்பொண்ணு' என்றும் உண்டு. அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீட்டில், இனியேனும் ஆண் பிறக்கட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு இடுவது. 'வேண்டாம்' என்ற சொல்லில் அன்-ஈறும் இல்லை, இகர ஈறும் இல்லை. இலக்கணக் கண்கொண்டு பார்த்தால் அஃது இருபாற்கும் பொதுவே! ஆயினும் அதனை ஓர் ஆண்பிள்ளைக்கு இட்ட வீடு உண்டா? நாள்தோறும் வகுப்பில் வருகை கேட்கும்போது, "நீ வேண்டாதவள்" என்று ஊரார் முன்னிலையில் ஒரு சிறுமிக்குச் சொல்லும் பெயர் அது. மகாராட்டிரத்திலும் இதே பொருளில் நகுசி என்ற பெயருண்டு. சாத்தாரா மாவட்டத்தில் அப்பெயர் தாங்கிய இருநூற்றுக்கு மேற்பட்ட சிறுமியர்க்கு 2011ஆம் ஆண்டு ஒரே விழாவில் வேறு பெயர் சூட்டினர். தாமே தேர்ந்துகொண்ட பெயரைச் சூடிய சிறுமியரும் அவர்களுள் இருந்தனர்.

பெண்சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1992இற் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு தொடங்க நேர்ந்தது. 2011ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு அகவைக்கு உட்பட்ட ஆண்குழந்தைகள் 1000 பேருக்குப் பெண்குழந்தைகள் 943 பேரே இருந்தனர். பெயர் ஒன்றே இக்கணக்கை மாற்றிவிடும் என்று யாரும் கூறார். ஆயினும் பால் இன்னதென்று அறியுமுன்னரே ஒரு பெயரை முடிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் தாய்தந்தையர் செய்வது சிறு செயலன்று. யார் வந்தாலும் இப்பெயர் உனக்கே, யார் வந்தாலும் இத்தொட்டில் உனக்கே என்று அவர்கள் பேற்றுக்கு முன்பே சொல்லிவிடுகின்றனர். மடித்து வைத்த இரண்டு தாள்களில் ஒன்று ஆவலோடு எழுதப்பட்டது, மற்றொன்று கடமைக்கு எழுதப்பட்டது என்ற நிலை அங்கே எழுவதில்லை. முகஞ்சுளிக்கும் பெரியோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிற நாட்டார் நிலையையும் சிறிது பார்ப்போம். பஞ்சாபிற் சீக்கியர்களுள் இயற்பெயர் பெரும்பாலும் இருபாலார்க்கும் ஒன்றே. பின்னே வரும் சிங்கு, கௌர் என்ற சொற்களே ஆண் பெண் வேறுபாட்டைக் காட்டும். 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஆடவர் வளைகோற்பந்து அணியின் தலைவர் அர்மன்பிரீத்து சிங்கு. 2025ஆம் ஆண்டு மகளிர் மட்டைப்பந்து உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் தலைவர் அர்மன்பிரீத்து கௌர். ஒரு பெயர், இரண்டு அணித்தலைவர்! யார் எவர் என்று யாரும் மயங்கவில்லை.

கிரண் என்ற வடசொல்லும் வடநாட்டில் இருபாலார்க்கும் வழங்குகின்றது. 1972இல் இந்தியக் காவல் பணியிற் சேர்ந்த முதற்பெண் கிரண் பேடி. இந்திய மட்டைப்பந்து அணியில் இலக்குக் காப்பாளராய் ஆடியவர் கிரண் மோரே. இதே பெயரைச் செருமனி நாட்டில் ஒரு பெண்குழந்தைக்கு இட்டபோது, இது பாலை உணர்த்தவில்லை என்று பதிவு அலுவலகம் மறுத்தது. வழக்கு அந்நாட்டு அரசமைப்பு முறைமன்றம் வரை சென்றது. பெயர் பாலை உணர்த்தியே ஆகவேண்டும் என்று சட்டம் எங்கும் கூறவில்லை, பெயரிடும் உரிமை பெற்றோருடையது, குழந்தையின் நலன் கெடாதிருந்தாற் போதும் என்று 2008ஆம் ஆண்டு திசம்பரில் அம்மன்றம் தீர்த்துரைத்தது. ஐசுலாந்திலோ, ஆண்பெயர் இவை பெண்பெயர் இவை என்று பிரித்து வைத்த பட்டியல் இருந்தது. மென்காற்று எனப் பொருள்படும் பெயர் தாங்கிய சிறுமி ஒருத்தி அப்பெயரைத் தன் பெயராக ஏட்டில் எழுதிக்கொள்ள 2013இல் முறைமன்றத் தீர்ப்புப் பெற வேண்டியிருந்தது. 2019இல் அந்நாட்டார் அப்பிரிவினையையே சட்டத்தால் நீக்கினர். ஆக, மேலைநாட்டார் வழக்காடிப் பெற்ற உரிமை தமிழர்க்கு வழக்காடாமலே உள்ளது. கிரண் என்பதன் பொருள் கதிர். 'கதிர் வந்தாள்' என்று சொல்லத் தமிழர் எந்த மன்றத்தின் இசைவும் பெற வேண்டியதில்லை.

"பெயரிலேயே ஆண் பெண் தெரியாவிட்டால் ஏட்டிற் குழப்பம் நேராதா?" என்று கேட்பர். பிறப்புப் பதிவில் பால் என்பதற்குத் தனிக் கட்டம் உண்டு. பெயர்க் கட்டம் அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியதில்லை. முதல் நாள் வருகைப் பதிவில் ஆசிரியர் ஒருமுறை தவறி அழைக்கலாம். மறுநாள் பிள்ளையின் முகமே பதிந்துவிடும். 'மணி' என்ற பெயரோடு ஒரே தெருவில் ஆணும் பெண்ணும் வாழ்ந்த ஊர்களில் அஞ்சல்காரர் எவரும் மயங்கித் திரும்பியதில்லை.

வளர்ந்தபின், பிறப்பில் எழுதப்பட்ட பால் தமக்குரியதன்று என்று உணரும் திருநங்கையரும் திருநம்பியரும் நம்மிடையே வாழ்கின்றனர். 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் இந்திய உச்சமுறைமன்றம் அவர்களைத் தனிப்பாலாக ஏற்று, தம் பாலைத் தாமே உரைக்கும் உரிமையையும் உறுதி செய்தது. ஈறு கட்டிய பெயர் தாங்கினோர், அரசிதழில் அறிக்கை வெளியிட்டுப் பள்ளிச் சான்றிதழ் முதல் வங்கிக் கணக்கு வரை ஒவ்வோர் ஏட்டிலும் பெயர் மாற்றி அலைய வேண்டியுள்ளது. தாய் இட்ட பெயரை விட மனமின்றி வருந்துவோரும் உண்டு. அருள் என்றோ எழில் என்றோ பெயரிருந்தால் அந்த ஒரு துயரேனும் குறையும்.

இனிப் பெயர் தேர்வது எப்படி? உரையாசிரியர் கோதைக்குச் செய்த சோதனையே போதும். எண்ணிய பெயருக்குப் பின்னே 'வந்தான்' என்று சேர்த்து உரக்கச் சொல்லுங்கள். 'வந்தாள்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். அருள் வந்தான், அருள் வந்தாள். மதி வந்தான், மதி வந்தாள். இரண்டும் செவியில் இழைகின்றன. அன்பு, எழில், தமிழ், இசை, கனி, புகழ், நிறை, சுடர், யாழ், வாகை ஆகியனவும் அவ்வாறே. செல்வம் வந்தாள் என்றாற் செவி தயங்கும். அத்தயக்கம் இலக்கணத்தால் வந்ததன்று, பழக்கத்தால் வந்தது. துணிவுள்ளவர் அதனையும் சூட்டலாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்ற நிலப்பெயர்களும் பொருந்துவன. அழகு ஒன்றே கருதி, பொருளறியா ஓசைக்கட்டுகளை எண்கணியர் சொற்படி எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் இடுவதை மட்டும் தவிருங்கள். பொதுப்பெயர் என்ற போர்வையில் இப்போது அங்காடிக்கு வரும் பெயர்களிற் பல ஆணுக்கும் பொருந்தா, பெண்ணுக்கும் பொருந்தா; மாந்தர்க்கே பொருந்தா.

நீண்ட பெயர் விரும்புவோர் ஈறின்றியே நீட்டலாம். தமிழ்மதி, இசைக்கனி, அருளெழில், புகழ்மணி என்பன காண்க. 'அரசன், அரசி' என்று முடிக்கத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்ளுதலே இதிலுள்ள ஒரே அருமை. அழைப்பதற்கு ஒரு பெயர், ஏட்டிற்கு ஒரு பெயர் என்று இரண்டு வைப்பதும் வேண்டா. ஏட்டுப் பெயரே நாளடைவில் வென்றுவிடும்.

பாட்டன் பாட்டி பெயரை வைக்க வேண்டும் என்ற வற்புறுத்தல் சில குடும்பங்களில் எழும். அதற்கும் வழியுண்டு. பாட்டன் பெயர் முத்துசாமியாயின் முத்து என்பதை எடுத்துக்கொள்ளலாம். பாட்டி பெயர் தங்கம்மாளாயின் தங்கம் என்பதை எடுத்துக்கொள்ளலாம். ஈற்றிலுள்ள சாமியும் அம்மாளும் நீங்கினாற் பாட்டனும் பாட்டியும் மனங்கோணார். பேரப்பிள்ளை மகனாயினும் மகளாயினும் தம் பெயர் வழங்குகின்றதே என்று மகிழ்வர்.

பதிவு பற்றி ஒரு சொல். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிதல் வேண்டும். பெயர் அப்போதே முடிவாகாவிடினும் ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; அதற்குப்பின் 15 ஆண்டுவரை காலத்தாழ்வுக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆயினும் தாழ்த்தாதீர். 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளுக்குப்பின் பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு முதலியவற்றிற்கெல்லாம் பிறப்பு நாளுக்கும் இடத்திற்கும் பிறப்புச் சான்றிதழே சான்றாகும். எழில், தமிழ், யாழ் முதலிய ழகரப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுங்கால் இரண்டு மூன்று வகையாக எழுதும் வழக்கு உள்ளது. தாயும் தந்தையும் கூடி ஒரு வகையை முடிவுசெய்து தாளில் எழுதிக் கொடுங்கள். மருத்துவமனை எழுத்தர் தம் விருப்பிற்கு எழுதிவிட்டால், பின்னர்ப் பள்ளி ஏட்டிலொன்றும் சான்றிதழிலொன்றுமாய் நின்று பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வெழுதும்போது தொல்லை தரும். தமிழெழுத்தில் எழுதும் கட்டத்தையும் வெறுமையாய் விட்டுவிடாமல், ழகரம் லகரமாய்த் திரியாதபடி படித்துப் பார்த்துவிட்டே கையொப்பமிடுங்கள்.